1500டி-க்கு முதல் லென்ஸ்: கைக்குழந்தை படங்களுக்கு 50-ஆ, 24-ஆ?

இளவெயில் (கேள்வி):

வணக்கம். கையில் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். முக்கால்வாசிப் படங்கள் வீட்டுக்குள்தான், பத்து மாதப் பெண் குழந்தையை எடுப்பவை. ஹால் பத்துக்குப் பதினொன்று அடி. ஒரு பக்கம் சோபா, எதிர்ப்பக்கம் ஜன்னல். சாயங்காலம் ட்யூப்லைட்டில் 55-இல் வைத்து எடுத்தால் எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200-இல் ஷட்டர் 1/30 நொடிக்கு மேல் ஏறுவதில்லை. முகம் சில நேரம் தெளிவாக விழுகிறது, கைகால் எப்போதும் கலங்கல்தான். லென்ஸில் ஐஎஸ் (நடுக்கத் தடுப்பு) ஆன் செய்தே இருக்கிறது. 50 எஃப் 1.8 எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை) வாங்கச் சொல்கிறார்கள். 24 எஃப் 2.8 எஸ்டிஎம் பேன்கேக் என்கிற தட்டை லென்ஸும் கண்ணில் பட்டது. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எது சரி?

தெருவிளக்கு:

ஐஎஸ் உங்க கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். குழந்தை கையை ஆட்டினா அதால ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு ஷட்டர் வேகம்தான் வேணும். உட்கார்ந்து விளையாடுற குழந்தைக்கு 1/125, தவழ ஆரம்பிச்சா 1/250, ஓட ஆரம்பிச்சா 1/500.

5.6-லிருந்து 1.8-க்கு வந்தா வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதே ட்யூப்லைட், அதே 3200, உங்க 1/30 நேரா 1/250-ஐத் தாண்டும். பேன்கேக்ல அந்த லாபம் கிடையாது. கிட் லென்ஸே 24-ல எஃப் 4 வரை திறக்குது, 2.8-னா ரெண்டு மடங்குதான். 1/60 கிடைக்கிற இடத்துல 1/125 கிடைக்கும், அவ்வளவுதான். என் ஓட்டு 50-க்கு.

அளவுகோல்:

தெருவிளக்கு சொன்ன வெளிச்சக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் இந்த ஹாலில் 50-ஐ வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்பதையும் பார்த்துவிட வேண்டும், சகோதரி.

1500டி-யின் சென்சார் 22.3 மி.மீ. அகலம். தவழும் குழந்தை முழுசாக, சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு வர, படத்தின் நீளப் பக்கத்தில் ஒரு மீட்டராவது அடங்க வேண்டும். அதற்கு 50 மி.மீ. லென்ஸில் 2.25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 24-இல் 1.1 மீட்டர் போதும். உங்கள் ஹால் மூன்று மீட்டர் சொச்சம். சோபாவையும் கேமராவுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிற இடத்தையும் கழித்தால் இரண்டு மீட்டர்கூடத் தேறாது. ஆக, அங்கே 50 என்றால் முகம், மார்பளவு, சின்னக் கை, சின்னக் கால், அவ்வளவுதான். முழு உருவம் வேண்டுமானால் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டும். அப்படியென்று 24-ஐ முகத்துக்கு அரை மீட்டர் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி முகச்சாயலே மாறிவிடும்.

வாங்குவதற்கு முன் கிட் லென்ஸிலேயே சோதித்துவிடலாம். வளையத்தில் 18, 24, 35, 55 என்றுதான் குறி இருக்கும். 55-க்குச் சற்று முன்னால் திருப்பி, அசையாமல் டேப் ஒட்டி ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 24. எந்த வாரம் பின்னால் நகர இடமில்லாமல் முழித்தீர்கள், எந்த வாரத்துப் படங்களைப் பிரிண்ட் போடத் தோன்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

முகமும் உணர்ச்சியும்தான் முக்கியம் என்றால் 50-ஏ வாங்குங்கள். ஆனால் எப்போதும் 1.8-இல் வைத்து எடுக்காதீர்கள். ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் ஆழம் ஆறு செ.மீ.தான், ஒரு மீட்டரில் மூன்றுக்கும் குறைவு. முன் கண் தெளிவாக இருக்கும், காது கரைந்திருக்கும். குழந்தை ஓர் அங்குலம் சாய்ந்தால் கண்ணும் போய்விடும். எம் (மேனுவல்) மோடில் எஃப் 2.2, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்ச வரம்பு 6400. ஏஎஃப்-ஐ (தானியங்கி ஃபோகஸ்) அசைவதைத் தொடர்ந்து பிடிக்கிற ஏஐ சர்வோவில் போட்டு, ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது ஒன்றுதான் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிக்கிற குறுக்குவகை, மங்கலான வெளிச்சத்திலும் பிடிக்கும். புள்ளியைக் கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்மேல் வைத்து எடுங்கள். ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பாதீர்கள், கொஞ்சம் தளர்வாக எடுத்துப் பிறகு கத்தரித்துக்கொள்ளலாம்.

பகலில் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி குழந்தையை உட்கார வையுங்கள். தோல் நிறம் இயல்பாக வரும்.

தெருவிளக்கு:

ஒண்ணு சேர்த்துக்கறேன். சில எல்இடி பல்பு, பழைய சோக் போட்ட ட்யூப்லைட் எல்லாம் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். 1/250-ல படத்துல பட்டை விழும், இல்லேன்னா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்துல வரும். லென்ஸ் மேல பழி போடாதீங்க, ஷட்டரை 1/100-க்கு இறக்குங்க, சரியாயிடும்.

இளவெயில்:

மிக்க நன்றி. சோதனைக்குக் காத்திருக்காமல் பழைய படங்களைக் கணினியில் பார்த்தேன்; பிடித்தவற்றில் பாதிக்கு மேல் 45-55-இல் எடுத்த முகங்கள்தான். 50 என்று முடிவு. பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா? சென்னைதான், கடலிலிருந்து நடக்கிற தூரம்.

கண்ணாடிப்பெட்டி:

வாங்கலாம், நேரில் பார்த்த பிறகு. முதலில் அது எஸ்டிஎம்-தானா என்று பாருங்கள். 1990-இல் வந்த 50 எஃப் 1.8 இரண்டாம் பதிப்பும் அதே பெயரில் கைமாறுகிறது. அதன் மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பிளாஸ்டிக், ஃபோகஸ் சத்தம் கரகரவென்று கேட்கும், 45 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. 2015-இல் வந்த எஸ்டிஎம்-முக்கு மவுண்ட் உலோகம், 35 செ.மீ. வரை நெருங்கலாம்.

அடுத்தது பூஞ்சை. லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஃபோன் டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். இரண்டொரு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழையோ, ஓரத்தில் பனி படர்ந்தது மாதிரி வெண்மையோ தெரிந்தால் வேண்டாம். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. பிறகு உங்கள் கேமராவில் மாட்டி, பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி இருபது முறை ஃபோகஸ் செய்யுங்கள். இந்த லென்ஸில் உள்குழல் முன்னே வந்து போகும். அடிபட்டதென்றால் வழியில் சிக்கும். அதனாலேயே இஎஸ்-68 ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) வாங்கி மாட்டுங்கள். அது வெளிக்குழலில் பூட்டுவதால் குழந்தை தட்டினாலும் அடி உள்குழலுக்குப் போகாது.

கடலோரத்தில் தோல் பை, துணிப் பை, பீரோ எதுவும் ஆகாது. ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, ஒரு சின்ன ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல். முள் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஜெல்லில் நீல நிறத்தது வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது; ஆரஞ்சு நிறத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த நிறமானாலும் டப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், பொட்டலத்தைக் கடித்துவிடும்.