மடாவுரா ஆற்றில் ட்ரவுட் மீன் ஃப்ளைகிட்ட (பூச்சி மாதிரி கட்டின தூண்டில்) வந்து திரும்பிடுது – என்ன மாத்தணும்?

கேள்வி: நியூசிலாந்து மடாவுரா ஆறு. பழுப்பு ட்ரவுட் மேல வந்து நிஜப் பூச்சியை விழுங்குது, என் ட்ரை ஃப்ளையை (தண்ணி மேல மிதக்குற ஃப்ளை) பார்த்ததும் திரும்பிடுது. 9 அடி லீடர் (தடிமனான லைனோட முனையில கட்டுற மெல்லிசு நரம்பு), 4எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டுற கடைசி நரம்பு; எக்ஸ் எண் கூடினா மெல்லிசு), 14ஆம் நம்பர் ஃப்ளை (கொக்கி அளவு; எண் கூடினா சின்னது). எங்க தப்பு?

பதில் 1: ஃப்ளையை மாத்துறதுக்கு முன்னாடி இழுவையைக் கவனிங்க. உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல ஓட்டம் வேகமா இருந்தா லைன் வளைஞ்சு ஃப்ளையை இழுக்கும். ஃப்ளைக்குப் பின்னால தண்ணில மெல்லிசா ஒரு கோடு விழும். அதைப் பார்த்தாலே மீன் விலகிடும். லைன் தண்ணில விழுந்த உடனே கோல் நுனியைத் தூக்கி, லைனோட நடுப்பகுதியை தண்ணி வர்ற பக்கமா புரட்டிப் போடுங்க. இழுவை ஆரம்பிச்ச பிறகு புரட்டினா ஃப்ளை துள்ளும், வீண்.

பதில் 2: ரொம்பச் சரி. கூடவே டிப்பெட்டை 5எக்ஸா (0.15 மி.மீ.) மாத்தி 3 அடி நீளம் விடுங்க. முடிச்சை எச்சில்ல நனைச்சு இறுக்குங்க. காய்ஞ்சபடி இறுக்கினா உராயுற சூட்டுல நைலான் வலுவிழந்து, மீன் மாட்டினதும் முடிச்சுலயே அறுந்துடும். மூக்கு தெரியாம முதுகும் வாலும் மட்டும் தெரிஞ்சா, மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற பூச்சியைத்தான் தின்னுது. அப்போ 16ஆம் நம்பர் எமர்ஜர் (மேற்பரப்புக்கு வந்துக்கிட்டிருக்கிற பூச்சி மாதிரி கட்டின ஃப்ளை) போடுங்க.

பதில் 3: இன்னொண்ணு, ஆற்றுல இறங்கும்போது ஃபெல்ட் (கம்பளி மாதிரி அமுக்கின துணி) அடிப்பாகம் வச்ச பூட்ஸை நியூசிலாந்துல 2008ல தடை பண்ணாங்க, ரப்பர் போடுங்க. 2004ல நியூசிலாந்துல முதல்முறையா கண்டுபிடிச்ச டிடிமோங்கிற ஆற்றுப் பாசி அந்த ஃபெல்ட்டுல ஒட்டிக்கிட்டு அடுத்த ஆற்றுக்கும் போயிடும்.