ஞாயிறு மாலைப் பந்தாட்டம்: ரோமர் 14 யாரைப் பற்றிப் பேசுகிறது?

கேள்வி (இளைஞர் கூடுகைப் பொறுப்பாளர்):

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு மாலை இளைஞர்கள் ஆலய வளாகத்தில் பந்து விளையாடுவது சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதைக் குறித்து இப்போது இரண்டு பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள்.

ஒருவர் மூத்த உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கர்த்தருடைய நாள் என்றும், விளையாட்டு தமக்கு இடறலாயிருப்பதால் அதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். மற்றவர் ஆறு மாதங்களுக்கு முன்பு விசுவாசத்துக்குள் வந்த தம்பி. ஞாயிறன்றும் வரச் சொன்ன வேலையை மனச்சாட்சியின் நிமித்தம் விட்டுவிட்டவர். முதல் சில வாரங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர், ஆள் குறைகிறது என்று யாரோ கூப்பிட்ட ஒரு நாளில் இறங்கி ஆடத் தொடங்கினார். சென்ற வாரம் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் என்னால் ஜெபிக்க முடியவில்லை" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

ஓய்வுநாளைக் குறித்து ஒருவரும் நம்மைக் குற்றப்படுத்தக் கூடாது என்று கொலோசெயர் 2:16 சொல்லும்போது, யாருடைய மனக்குறைக்காக நாங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற போதகர்):

சகோதரரே, "இடறல்" என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பது என் நெடுநாளைய ஆதங்கம். கொரிந்து சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதும்போது, ஒருவருக்குப் பிடிக்காத காரியத்தை இன்னொருவர் செய்வதை அவர் இடறல் என்று சொல்லவில்லை. படைத்ததைப் புசிப்பதில் தீதில்லை என்ற அறிவோடு விக்கிரகக் கோயிலில் பந்தியிருக்கிறவனைப் பார்த்து, அது தவறு என்று உள்ளூர நம்புகிற பலவீனனும் துணிந்து புசித்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமாக நடந்துகொள்வதையே அவர் அஞ்சுகிறார். அன்பு பக்திவிருத்தியை உண்டாக்கும் என்று 1 கொரிந்தியர் 8:1-இல் சொல்லும்போது அவர் ஆளும் "கட்டியெழுப்புதல்" என்ற அதே கிரேக்க வினைச்சொல்லைத்தான் 8:10-இல் பலவீனனின் மனச்சாட்சி "துணிவுகொள்ளும்" என்பதற்கும் ஆளுகிறார். நீங்கள் அவனைக் கட்டுகிறீர்கள், ஆனால் அழிவுக்கென்று கட்டுகிறீர்கள் என்ற கசப்பான கிண்டல் அதில் இருக்கிறது.

இதன்படி பார்த்தால் உங்கள் தம்பி இடறியிருக்கிறார். மூத்தவரோ வருத்தப்பட்டிருக்கிறார்; அவர் ஒருநாளும் பந்தைத் தொடப் போவதில்லை. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான கால்வினும் தமது போதனை நூலில் கிறிஸ்தவ சுயாதீனத்தைப் பற்றிய அதிகாரத்தில், பலவீனருக்கு உண்டாகும் இடறலையும் சட்டப்பிடிவாதமுள்ள பரிசேயர் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும் இடறலையும் இப்படிப் பிரித்தே பேசுகிறார்.

மறுமொழி 2 (வேதபாட ஆசிரியர்):

ஐயா சொன்ன வேறுபாடு சரியானது. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மூத்தவரைப் பரிசேயர் என்று முத்திரை குத்திவிடுவது மிகவும் சுலபம் என்பதுதான் என் தயக்கம். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைத் தீர்ப்புச் செய்யக் கூடாது என்று, உணவையும் நாட்களையும் குறித்துக் கருத்து வேறுபட்ட விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய ரோமர் 14:3 இரு தரப்பையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறது. பிறரைப் பலவீனர் என்று பெயரிடுகிறவர்கள் எப்போதும் தங்களைப் பலவான்களாக எண்ணுகிறவர்களாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

விட்டுக்கொடுப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. யூதரிடையே ஊழியம் தடைபடாதபடி தம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கைச் செய்வித்த பவுல், அதையே கட்டாயமாகக் கேட்டவர்களுக்கு இன்னொரு உடன் ஊழியன் தீத்துவின் விஷயத்தில் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரிடமும் இந்த இரட்டைத் தன்மையைக் காணலாம். 1520-இல் கிறிஸ்தவன் ஒருவனுக்கும் அடிமையல்ல, எல்லோருக்கும் ஊழியன் என்று எழுதியவர், 1522 மார்ச்சில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகருக்குத் திரும்பி எட்டு நாள் பிரசங்கித்தபோது, சீர்திருத்தங்களை அவசரமாகப் புகுத்தியவர்களை, செய்த மாற்றம் சரியே ஆனாலும் பலவீனரை விட்டு ஓடிவிட்டீர்கள் என்று கண்டித்தார். ஆகவே மூத்தவர் தமது பழக்கத்தைச் சபைக்கே சட்டமாக்கக் கேட்டால் இணங்காதீர்கள். ஆனால் பேச்சில் மரியாதை குறையாமல் மறுத்துவிடுங்கள்.

மறுமொழி 3 (சபை உறுப்பினர், சகோதரி):

அண்ணா, இவ்வளவு பேசினோம்; அந்தத் தம்பிக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? விளையாட்டைத் திடீரென்று நிறுத்தினால் "இவனால்தான் நின்றது" என்று எல்லோருடைய கண்ணும் அவர் மேல் திரும்பும். நாளைக்கு அவர் கூடுகைக்கே வராமல் போகக்கூடும். அன்பு என்ற பெயரில் ஒருவரைக் காட்சிப்பொருளாக்கிவிடாதீர்கள். அதோடு, அவருடைய எண்ணத்தை மாற்றித் திருத்திவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். அவனவன் தன் மனதில் முழு நிச்சயமுடையவனாயிருக்க வேண்டும் என்றுதானே ரோமர் 14:5 சொல்கிறது? அவருக்கு அந்த நிச்சயம் இன்னும் வரவில்லை. மூத்தவரையும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆலய வாசலில் நின்று பேசுவதும் வீட்டில் அமர்ந்து பேசுவதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. சகோதரி சொன்னபடி தம்பியிடம் தனியாகக் கேட்டேன். விளையாட்டை நிறுத்த வேண்டாம் என்றார். "ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள் அண்ணா, கூப்பிட்டால் மறுக்கத் தெரியவில்லை" என்பதே அவர் கேட்டுக்கொண்டது. உண்மையில் கூப்பிட்ட அந்த "யாரோ" நான்தான்; முதல் பதிவில் அதை எழுதக் கூச்சமாக இருந்தது. இளைஞர்கள் தாங்களாகவே ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முதல் சனிக்கிழமையே தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வந்துவிட்டார்.

மூத்தவரின் வீட்டுக்கும் போனேன். ஞாயிறன்று விளையாட்டே கூடாது என்று சபையில் தீர்மானம் எழுத வேண்டும் என்கிறார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன்.