கழலைக்காக எடுத்த தைராய்டில் 4 மி.மீ. புற்று: இனி என்ன?

கேள்வி:
பெண், 46 வயது, 60 கிலோ. கழலை மூச்சுக்குழாயை அழுத்தியதால் முழுத் தைராய்டும் எடுத்தாயிற்று. முன்பு செய்த ஊசிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் வலது பக்கம் 4 மி.மீ. பாப்பிலரி மைக்ரோகார்சினோமா (1 செ.மீ.க்குள் இருக்கும் தைராய்டு புற்று). ஓரங்கள் சுத்தம், ரத்தநாளத்தில் பரவல் இல்லை. அயோடின் சிகிச்சை (மிச்சத் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின்) வேண்டுமா? திரும்ப வருமா?

பதில் 1:
அயோடின் தேவையில்லை. இப்படித் தற்செயலாகக் கிடைப்பவை திரும்புவது மிக அபூர்வம். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை 1993 முதல் 1 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளை அறுக்காமலே கண்காணிக்கிறது. 1,235 பேரில் 10 வருஷத்தில் 3 மி.மீ. அல்லது கூடுதலாக வளர்ந்தது சுமார் 8% பேருக்கு. இந்நோயால் யாரும் இறக்கவில்லை. இங்கே கட்டியே வெளியே வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு வரி பாருங்கள்: தைராய்டு உறையைத் தாண்டியிருக்கிறதா, 'டால் செல்' (செல்கள் நெட்டையாக இருக்கும், தீவிரம் கூடிய வகை) வகையா. இரண்டும் இல்லையென்றால் விஷயம் முடிந்தது.

பதில் 2:
இனி ஆயுளுக்கும் கவனிக்க வேண்டியது மாத்திரைதான். கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் கணக்கில் 60 கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) அருகில் வரும். வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. 6–8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மாத்திரை கூடினால் இது குறையும்) பார்த்து அளவை மாற்றுவார்கள்.
"புற்றாச்சே" என்று டி.எஸ்.எச்.சை 0.1க்குக் கீழே அழுத்தச் சொன்னால் காரணம் கேளுங்கள். இவருக்கு 0.5–2 போதும். வருஷக்கணக்கில் அழுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாதவிடாய் நின்றபின் எலும்பும் தேயும். முடிக்காக பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனைக்கு 2 நாள் முன்பு நிறுத்தவும்; ரிசல்ட்டைக் குழப்பும்.

பதில் 3:
ஒரு சேர்க்கை. தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மட்டும் சுரக்கும் புரதம்; மிச்சம் இருக்கிறதா என்று காட்டும்) பார்க்கும்போது அதற்கான ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கவும். ஆன்டிபாடி இருந்தால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். 6–12 மாதத்தில் கழுத்து அல்ட்ராசவுண்ட். சுத்தமாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம். பெட் ஸ்கேன் வீண் செலவு. உதடு, விரல்நுனி மரத்துப்போனால் அன்றே கால்சியம் பார்க்கணும். பாராதைராய்டு (தைராய்டுக்குப் பின்னால் இருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பிகள்) அடிபட்டதன் அறிகுறி அது. 6 மாதம் தாண்டியும் சரியாகாவிட்டால் பெரும்பாலும் நிரந்தரம்.

கேட்டவர்:
உறைக்குள்தான் இருக்கிறது, டால் செல் இல்லை. நிணநீர்க்கணு எதுவும் எடுக்கவில்லையே, அது குறையா?

பதில் 1:
இல்லை. கழலைக்கான அறுவையில் கணு எடுப்பது வழக்கமில்லை. அல்ட்ராசவுண்டில் 8 மி.மீ.க்குள் கணு தெரிந்தாலும் பொதுவாக ஊசிப் பரிசோதனை செய்யாமல் கவனித்து வருவதே முறை.