‘கோ-அரவுண்ட்’ என்பதற்கு ‘மீளேறல்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் குழுவின் இந்த மடல் இழையில், தரையிறங்க வரும் விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறுவதைக் குறிக்கும் ‘கோ-அரவுண்ட்’ என்பதற்கு இதுவரை நான்கு தமிழ்ச் சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன: சுற்றிவரல், தரையிறக்கக் கைவிடல், தவறிய அணுகல், மறுமுயற்சி. ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தை ஓட்டுபவன் என்ற முறையில், இவை நான்கும் ஏன் எனக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும், ‘மீளேறல்’ என்ற சொல்லை ஏன் முன்மொழிகிறேன் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சொல்லைத் தேடும் முன் செயலைப் பார்த்துவிடுவது நல்லது.

தரையிறங்க வரும் விமானம் பெரும்பாலும் மூன்று பாகைச் சரிவில், மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு எழுநூறு அடி என்ற கணக்கில் இறங்குகிறது. ஓடுபாதைக்கு மேல் ஆயிரம் அடி உயரத்துக்கு வரும்போதே வேகம், சரிவு, சக்கரம், ஃபிளாப் (குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்குவதற்காக இறக்கையில் விரியும் தகடு) எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. அமையவில்லை என்றாலோ, முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லை என்றாலோ, காற்று திடீரெனத் திசை மாறினாலோ, குறித்த உயரத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலோ, விமானி இறங்குவதை நிறுத்திவிட்டு மேலே ஏற வேண்டும். எங்கள் விமானத்தில் உந்துவிசை நெம்புகோல்களை முன்பக்க எல்லை வரை தள்ளி, மூக்கை உயர்த்தி, “கோ-அரவுண்ட், ஃபிளாப்ஸ்” என்று சொல்வோம். அருகிலிருப்பவர் ஃபிளாப்பை ஒரு படி உள்ளிழுப்பார். விமானம் உண்மையிலேயே ஏறுகிறது என்று கருவிகள் காட்டிய பிறகுதான் சக்கரங்களை உள்ளிழுப்போம். இந்த வரிசையை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இதில் அவசரநிலை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை இறங்கத் தொடங்கும் முன்பும், தேவைப்பட்டால் எந்த உயரத்துக்கு ஏறி எந்தப் பக்கம் திரும்புவது என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்கிறோம். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் ஓர் ஏர்பஸ் விமானம் ஓடுபாதையைத் தொட இருந்த வேளையில் மேலே ஏறிய காணொளி பரவியபோது, அதைச் சொல்ல நம் மொழியில் ஒரு வினைச்சொல் இல்லாததால், ‘நூலிழையில் தப்பியது’, ‘வானில் வட்டமடித்தது’ போன்ற வழக்கமான தொடர்களையே நாட வேண்டியிருந்தது. முதலாவது, விமானி திட்டமிட்டுச் செய்ததைத் தற்செயலாகக் காட்டுகிறது. இரண்டாவது வேறொரு செயலின் பெயர். இறங்க அனுமதி கிடைக்கும் வரை ஓரிடத்தில் சுற்றிக்கொண்டே காத்திருப்பதைத்தான் வட்டமடித்தல் என்று சொல்ல வேண்டும்.

இனி முன்வைக்கப்பட்ட சொற்கள். ‘சுற்றிவரல்’ ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு. சிறு விமானங்கள் நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு மறுபடியும் இறங்க வந்த வழக்கத்திலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல் அது. இன்றைய பயணிகள் விமானம் வரைபடத்தில் குறித்த பாதையில் ஏறி, பிறகு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் வழியில் செல்கிறது. சில வேளைகளில் திரும்பி வராமலேயே வேறு நிலையத்துக்குப் போய்விடுகிறது. அதே காரணத்தால் ‘மறுமுயற்சி’யும் பொருந்தாது. மறுபடி முயல்வது பின்னால் எடுக்கப்படும் தனி முடிவு.

‘தவறிய அணுகல்’ என்ற சொல்லுக்குத்தான் என் கடுமையான மறுப்பு. அணுகல் என்பது ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது. தமிழில் தவறுதல் என்றால் குறி தப்புதல், பிழை செய்தல், ஏன், இறந்துபோதல் என்றுகூடப் பொருள். சரியான முடிவொன்றுக்குப் பிழையின் பெயரைச் சூட்டலாகாது. இது வெறும் மனத்தாங்கல் அன்று. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய ஆய்வின்படி, ஒழுங்காக அமையாத அணுகல்களில் நூற்றுக்கு மூன்று அளவிலேயே விமானிகள் மேலே ஏறுகிறார்கள். மற்றவர்கள் தொடர்ந்து இறங்கிவிடுகிறார்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், துணை விமானி மேலே ஏறும்படி ஒருமுறைக்கு மேல் சொல்லியும் தலைமை விமானி இறங்குவதைத் தொடர்ந்தார். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் இறந்த விபத்து இன்னும் சிந்திக்க வைப்பது: அதே விமானம் முதல் முறை மழையில் இறங்க வந்து, முறைப்படி மேலே ஏறியது, எதிர்த்திசை ஓடுபாதைக்கு இரண்டாம் முறை வந்தபோது, உடனிருந்த விமானி ‘கோ-அரவுண்ட்’ என்று சொன்ன பிறகும் இறங்கியது. விமானிகளின் தயக்கத்துக்குக் காரணங்கள் பல. சொல் அவற்றுள் மிகச் சிறியது. ஆயினும் நாமே புதிதாக ஒரு சொல்லை ஆக்கும்போது, அந்தத் தயக்கத்துக்குத் துணைபோகும் சொல்லை ஆக்க வேண்டியதில்லை.

‘தரையிறக்கக் கைவிடல்’ இவற்றுள் மேலானது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதில் பழிச்சொல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் செயலின் பாதிதான் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற போயிங் 777 விமானத்துக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். சக்கரங்கள் ஓடுபாதையின் நெடுந்தொலைவில் தொட்டதால் விமானிகள் தரையிறக்கத்தைக் கைவிட்டார்கள். மேலேறுவதற்குரிய பொத்தானை அழுத்தினார்கள். ஆனால் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்பது அவ்விமானத்தின் அமைப்பு. நெம்புகோல்கள் முன்னே நகரவில்லை, இயந்திரங்கள் குறைந்த சுழற்சியிலேயே இருந்தன, அதைக் கவனிக்காமல் சக்கரங்களும் உள்ளிழுக்கப்பட்டன. கைவசமிருந்த வேகத்தால் ஏறத்தாழ 85 அடி எழும்பிய விமானம் மறுபடியும் ஓடுபாதையில் விழுந்தது. உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தனர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே கைவிடல் முழுமையாக நடந்தது, ஏறல் நடக்கவில்லை. ஜெட் இயந்திரம் குறைந்த சுழற்சியிலிருந்து முழு உந்துவிசைக்கு வர நேரம் பிடிக்கும்; விமானத்துக்குச் சான்றளிக்கும் விதிகளே இதற்கு எட்டு விநாடியைக் கணக்கில் கொள்கின்றன. ஆகவே இச்செயலின் உயிர் ஏறுவதில் இருக்கிறது, சொல்லின் தலைமைப் பகுதியும் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

மீள் + ஏறு = மீளேறு. ‘மீள்’ என்பதற்குத் திரும்புதல், தப்பி வெளிவருதல் என்ற இரண்டு பொருளும் உண்டு. இரண்டுமே இங்கே பொருந்துகின்றன. வினையாகவும் தடையின்றிப் புழங்குகிறது: விமானம் மீளேறியது, மீளேற ஆணையிட்டார், மீளேறிய விமானம். எங்களுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையிலான வானொலிப் பேச்சு ஆங்கிலத்திலேயே நிகழும் என்பதால், ‘மீளேறு’ என்ற ஏவலை நான் பணியில் ஒருபோதும் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் ஏவலாகச் சொல்லிப் பார்க்கையில் நாக்கில் தடுக்காத சொல்லே நிலைக்கும் என்று நம்புகிறேன்.

எதிர்ப்புகளை நானே எழுப்பிக்கொள்கிறேன். ‘மீளேற்றம்’ என்று எழுதினால் மின்கலத்துக்கு மறுபடி மின்னேற்றுவதுபோல் தோன்றும். ஆகவே ‘மீளேறல்’ என்ற தன்வினை வடிவம் மட்டுமே. ‘விமானம் ஏறுதல்’ என்பது பயணிகள் ஏறுவதையும் குறிக்குமே என்று ஒருவர் கேட்கலாம். பயணி விமானத்தில் ஏறுவார், விமானம் வானில் ஏறும். எழுவாய் எது என்பதே பொருளைத் தெளிவாக்கிவிடும். ‘மீளெழல்’ என்று வைத்தால் இச்சிக்கல் இல்லை என்று தனிமடலில் ஓர் அன்பர் எழுதினார். ஆனால் எழுதல் தரையிலிருந்து கிளம்புவதன் சொல். பெரும்பாலான மீளேறல்களில் சக்கரம் தரையைத் தொடுவதே இல்லை. பயிற்சியின்போது ஓடுபாதையைத் தொட்ட உடனே மறுபடி கிளம்புவதற்கு வேண்டுமானால் அவர் வழியைப் பின்பற்றித் ‘தொட்டெழல்’ என்று பெயரிடலாம். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இச்சொல்லை ஏற்றால் அதன் கிளைகளும் எளிதில் வரும். வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் வழி ‘மீளேறு பாதை’. ஏறி நிற்க வேண்டிய உயரம் ‘மீளேறு உயரம்’. இறங்க முடியாதென்றால் இதற்குள் மேலேறத் தொடங்கிவிட வேண்டும் என்ற இடம் ‘மீளேறு புள்ளி’. இறங்குவதா ஏறுவதா என்று விமானி தீர்மானிக்கும் உயரத்துக்கு ‘முடிவு உயரம்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்கெனவே பதிந்திருக்கிறோம். முடிவு என்பது இறுதியையும் குறிப்பதால், அதை இப்போதே ‘தீர்மான உயரம்’ என்று திருத்திவிடலாம்.

எனக்கு விடை தெரியாத இடம் ஒன்றே. விமானியை எழுவாயாக வைக்கும்போது ‘விமானி விமானத்தை மீளேற்றினார்’ என்று எழுதினால் மேற்சொன்ன மின்கலச் சிக்கல் திரும்ப வந்துவிடுகிறது. ‘விமானி தரையிறங்கினார்’ என்று இயல்பாகச் சொல்வதுபோல ‘விமானி மீளேறினார்’ என்றே விட்டுவிடலாமா, அல்லது ‘மீளேறச் செய்தார்’ என்று எழுதுவதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். நாளை முதல் மூன்று நாள் பணியில் இருப்பேன். மடல்களைத் திரும்பி வந்து படிக்கிறேன்.