செட்டிப்பாளையம் வீடு 🏡

*ஞாயிறு*

சரோஜா பெரியம்மா: பிரபுவுக்கு மறுபடியும் ராத்திரி முழுக்க இருமல். கண்ணே மூடவில்லை. தயிர் வேண்டாம் என்றால் கேட்கிறானா?

கவிதா சித்தி: _ஃபார்வர்டு செய்தது:_ ஆஸ்துமாவை ஏழே நாளில் விரட்டும் தூதுவளை...

கவிதா சித்தி: எதற்கும் செய்து பாருங்கள் அக்கா

நர்மதா: ரசமாக வைத்துத் தாராளமாகக் குடிக்கட்டும் சித்தி, ரசம் ரசம்தான். பிரபு, தீபாவளிக்கு ஐந்து நாள் லீவில் இருந்தாயே, அப்போது இருமினாயா?

பிரபு: இல்லைக்கா

பிரபு: அட ஆமாம். இன்ஹேலரைக்கூடத் தொடவில்லை

சரோஜா பெரியம்மா: அந்த ஐந்து நாளும் தயிர் சாப்பிட்டான் 🙄

நர்மதா: சரி, தயிர் தப்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி பெயிண்டிங்குக்கு மாறி எவ்வளவு நாள்?

பிரபு: ஒன்றரை வருஷம். ஆனால் இந்த ஆறு மாதமாகத்தான் மூச்சு வாங்குகிறது. தின்னர் வாடையா? அதற்குத்தான் கர்சீப் கட்டுகிறேனே

நர்மதா: தின்னர் மூக்கைத் துளைக்கும், அதனால் பழி அதன்மேல். கடைசியில் அடிக்கிற பளபளப்புப் பூச்சு, அதான் கிளியர் கோட், அதை இறுக வைக்கக் கலக்கிற ஹார்டனர் டின்னைப் போட்டோ எடு

*திங்கள்*

பிரபு: 📷

நர்மதா: கீழே பொடி எழுத்தைப் பார். ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட். வாடை தெரிவதற்கு முன்பே நெஞ்சைப் பிடிக்கிற சாமான் அது. உடம்பு மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் முறைத்துக்கொள்ளும். கர்சீப், சர்ஜிகல் மாஸ்க் எல்லாம் இதற்குச் சல்லடை. குழாய் வழியாக வெளிக்காற்று வருகிற முகமூடி வேண்டும்

மணி மாமா: ஐசோசயனேட்டா? 1984இல் போபாலில் கசிந்ததே?

நர்மதா: அதே குடும்பம், வேறு ஆள் மாமா. அது மீத்தைல், தானே ஆவியாகும். இது ஸ்பிரே கன் அடிக்கும்போது பொடித்துளியாக மிதக்கும்

மணி மாமா: மில்லில் எங்களுக்கு வேறு மாதிரி. லீவு முடிந்து பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங்குக்குள் நுழைகிற முதல் நாள் நெஞ்சில் அம்மிக்கல் வைத்தாற்போல இருக்கும். வாரம் போகப்போகத் தேவலாம்

நர்மதா: அது பஞ்சுத்தூசி, பிசினோசிஸ். இவனுக்கு வேலை நாளில் ஏறும், லீவில் இறங்கும். அதுவும் ஐந்தாறு மணி நேரம் கழித்துப் பிடிக்கும், அதனால்தான் பெரியம்மா கையில் தயிர் சிக்கியது 😄

சரோஜா பெரியம்மா: அந்த வேலையே வேண்டாம் கண்ணு. நாளையோடு நிற்கட்டும்

நர்மதா: முதலில் நெஞ்சு டாக்டரைப் பார்க்கட்டும் பெரியம்மா. இப்போதே நின்றுவிட்டால் எதனால் வந்தது என்று காட்டுவது கஷ்டம். பிரபு, ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கு. மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறாய் என்று காட்டும், எண் குறைந்தால் நெஞ்சு இறுகுகிறது என்று அர்த்தம். தினம் நான்கு வேளை, நான்கு வாரம். வேளைக்கு மூன்று முறை ஊதிப் பெரிய எண்ணை எழுது, லீவு நாளிலும். நடுவில் பேச முடியாமல் திணறினால் நோட்டைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு

*பொங்கல் கழிந்து*

பிரபு: 📷 வேலை நாள் காலை 460, இரவு 340. பொங்கல் லீவு மூன்றாம் நாள் 520

பிரபு: டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, பெயிண்ட் அடிக்கிற பூத் பக்கமே போகாதே என்றார். இதற்கு முன்னால் பார்த்த மூன்று பேரில் ஒருவர்கூட என்ன வேலை என்று கேட்டதில்லை

நர்மதா: இனி துளி பட்டாலும் பிடிக்கும். சீக்கிரம் விலகினால் நன்றாகத் தேற வாய்ப்பு அதிகம், வருஷக்கணக்கில் இழுத்தால் லீவிலும் விடாது. சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, பிடிக்கிறார்களா?

பிரபு: பிடிக்கிறார்கள். சம்பளம் 19,000

நர்மதா: அப்போ டாக்டர் சீட்டு, நோட்டு இரண்டும் பத்திரம். வேலையால் வருகிற நோய்க்கும் ஈஎஸ்ஐயில் வழி இருக்கிறது

பிரபு: ஓனர் டிங்கரிங் பக்கம் மாற்றிவிட்டார். சம்பளம் அதேதான் 🙏

மணி மாமா: டிங்கரிங்குக்கும் பூத்துக்கும் நடுவில் சுவர் இருக்கிறதா?

பிரபு: ...

பிரபு: தார்ப்பாய் மாமா

மணி மாமா: காலையில் எட்டரைக்கு நானும் வருகிறேன்

சரோஜா பெரியம்மா: அண்ணா, டிபன் இங்கேயே