1860 ஷெஃபீல்ட் விதியில் ஒரு சினேகபூர்வ உதைபந்தாட்டம்: எப்படி நடத்துறது?

கல்லாற்றான்:
எங்கட கழகமும் பக்கத்து ஊர்க் கழகமும் எப்பவும் எதிரும் புதிரும்தான். இந்த முறை கிண்ணத்துக்கு ஆடாம, 1860 டிசம்பர் 26இல இங்கிலாந்தில ஷெஃபீல்ட் கழகமும் ஹாலம் கழகமும் சாண்டிகேட் மைதானத்தில மோதின மாதிரி ஆடிப் பார்க்க யோசனை. திகதியும் அதே 26ஆ வைக்கலாமா? மைதானத்தில என்ன மாற்றணும், சண்டை எதில வரும்?

வாவிக்கரை:
டிசம்பர் 26 வேண்டாம் தம்பி. நம்மட கரையோரத்தில அது சுனாமி நினைவு நாள். மாரி மழையும் நிக்காது. சாண்டிகேட்டில அண்டைக்குத் தரையெல்லாம் வெண்பனி, ஷெஃபீல்ட் 2-0 வென்றது. இங்க அந்த நாளில மைதானத்தில தண்ணி நிக்கும். பங்குனிக்குத் தள்ளுங்க.

அந்த ஆட்டத்துக்கு 1858இல ஷெஃபீல்ட் கழகம் எழுதின விதிகள்தான் அடிப்படை. மொத்தம் 11. ஓஃப்சைட் (எதிரணிக் காவலாளிகளைத் தாண்டி நிண்டு பந்து வாங்கினாக் குற்றம் எண்டது) இல்லை, ஆள் கணக்கும் இல்லை. பந்தைக் கையால தட்டலாம், தள்ளலாம். பிடிச்சு வைக்கவோ தரையிலிருந்து எடுக்கவோ கூடாது. காலை வாருறதும் உதைக்கிறதும் முழுத் தடை. ஆனா எதிராளியைக் கையால தள்ளலாம். அதனாலதான் சொல்றன், சேட்டைப் பிடிச்சு இழுக்கிறது வேற, தள்ளுறது வேற எண்டு ஆட்டத்துக்கு முதல் இரண்டு அணியையும் நிற்க வைச்சுச் செய்து காட்டுங்க. விதியில இழுத்து விழுத்துறதுக்கு இடமே இல்லை.

கோல்கம்பம்:
விதியில கோல் அளவு குறிக்கல்ல. பிறகு ஷெஃபீல்டில வழக்கமான 12 அடி அகலத்தை எடுங்க. இப்பத்தைய 24 அடியில பாதி. ரெண்டு மூங்கிலை இரண்டடி ஆழத்தில நட்டு, 9 அடி உயரத்தில கயிறு கட்டினாப் போதும். கயிறு தொய்ஞ்சா 'மேலால போச்சு, கீழால போச்சு' எண்டு வாய்த்தர்க்கம் வரும், இடைவேளையில இறுக்கிக் கட்டுங்க.

கோல்கிக்கை கோலிலிருந்து 75 அடிக்கு அப்பால இருந்து அடிக்கக் கூடாது. ஆகக் குழப்பம் வாறது ரெண்டு இடத்தில. ஒண்டு, பிடிக்கக் கூடாது எண்டதுக்கு ஒரு விலக்கு: தரையைத் தொடாத பந்தை ஆகாயத்தில பிடிச்சவருக்கு ஃப்ரீகிக். அதிலிருந்து நேரா கோல் போட்டாச் செல்லாது. மற்றது, பந்து வெளியே போனா யார் முதலில தொடுறாங்களோ அவங்கதான் எறியணும், அதுவும் கோட்டுக்கு நேர்ச் செங்குத்தா. சனம் கோட்டோட ஒட்டி நிண்டா பந்துக்கு ஓடுறவங்க சனத்துக்க விழுவாங்க. சனத்தை மறிக்கிற கயிற்றைக் கோட்டிலிருந்து 15 அடி தள்ளிக் கட்டுங்க.

கல்லாற்றான்:
ஜேர்சி?

வாவிக்கரை:
ஜேர்சி விதி இல்லை. ஒவ்வொரு ஆளும் சிவப்பு, கடும் நீலம் எண்டு ரெண்டு தொப்பி வைச்சிருக்கணும், ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம். துணித் தொப்பி தைச்சா வேலை முடிஞ்சுது.

மத்தியஸ்தரைப் பற்றியும் விதியில ஒண்டும் இல்லை, அதை மட்டும் பழைய மாதிரி விடாதீங்க. 1862 டிசம்பர் 29இல ஷெஃபீல்டில ப்ராமல் லேன் மைதானத்தில இதே ரெண்டு கழகமும் பஞ்சு ஆலை வேலை இழந்தவங்களுக்கு நிதி சேர்க்க ஆடினாங்க. கோல் இல்லை, அடிதடி வந்திச்சு. கழகத்துக்கு ஒருத்தரும், வெளியூர் மத்தியஸ்தர் ஒருத்தரும் வையுங்க. கடைசிச் சொல் வெளியூர்க்காரருக்கு.