குலசைத் தசராவில் முகப்படம் எடுப்பது: எந்த நாளில் போவது, எந்த லென்ஸ், எப்படி அணுகுவது?

நொய்யல்கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். புகைப்படம் எடுப்பது எனக்குத் தொழில் அன்று. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடும் ஆசாமி நான். இதுவரை எடுத்தவற்றைப் புரட்டிப் பார்த்தால் அவை இரண்டு தனித்தனிக் குவியல்களாகக் கிடக்கின்றன. வீட்டாரையும் நண்பர்களின் பிள்ளைகளையும் எடுத்த முகப்படங்கள் ஒருபுறம். ஹம்பி, தாராசுரம், தனுஷ்கோடி என்று சுற்றித் திரிந்து எடுத்த பயணப் படங்கள் மறுபுறம். முன்னதில் ஊர் இல்லை, பின்னதில் ஆள் இல்லை. ஓர் ஊரையும் அந்த ஊர் மனிதரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில், பக்தர்கள் நேர்த்திக்காக வேடமிட்டு வரும் குலசேகரன்பட்டினம் (சுருக்கமாகக் குலசை) முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு இவ்வாண்டு போவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

கையில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமரா. அதனுடன் வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8, ஒரு சிறிய ஃபிளாஷ் ஆகியவையும் உண்டு. முகப்படத்துக்கு 85 மி.மீ. லென்ஸ்தான் சரி என்று பலரும் சொல்வதால் அதையும் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். பத்தாம் நாள் இரவு நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு மட்டும் வந்து போனால் போதுமா, முன்கூட்டியே வர வேண்டுமா? காளி வேடமிட்டவர்களிடம் படம் எடுக்கலாமா என்று கேட்பது முறையா? அவர்கள் பணம் கேட்டால் கொடுப்பது சரிதானா? சில சுற்றுலா இடங்களில் பணத்தை நீட்டிய மறுகணமே எதிரில் இருப்பவரின் முகம் ஒரு கூலி வேலைக்கான முகமாக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் குறிப்பாகக் கேட்கிறேன்.

தேரிக்காட்டான் எழுதியது:

அண்ணாச்சி, உடன்குடிப் பக்கத்து ஆள் என்ற உரிமையில் முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகப்படம்தான் நோக்கம் என்றால் பத்தாம் நாளை மறந்துவிடுங்கள். அன்று திருச்செந்தூரிலிருந்து குலசை வரையிலான ஏறத்தாழ 13 கிலோமீட்டர்ச் சாலையே வேடமிட்டவர்களாலும் வண்டிகளாலும் அடைபட்டுக் கிடக்கும். லட்சக்கணக்கான மக்கள் கூடும் கடற்கரையில், நள்ளிரவை ஒட்டி, யானைமுகமும் சிங்கமுகமும் எருமைத் தலையுமாக மாறி மாறி வரும் சூரனை அம்மன் வதம் செய்கிற காட்சியைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று தலைகளுக்கு மேலாக எடுக்கலாம். அது கூட்டத்தின் படம். அதற்கும் ஓர் அழகு உண்டுதான், ஆனால் ஒரு தனி மனிதரின் முகத்துக்கு அங்கே இடமே இல்லை.

நீங்கள் தேடுவது ஊர்களில் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் தசராக் குழுக்கள் உண்டு. வேடம் போடுவதாக நேர்ந்துகொண்டவர்கள் வாரக்கணக்கில் விரதம் இருப்பார்கள். காளி வேடம் போடுகிறவர்கள் 41 நாள், 48 நாள் என்று கடுமையாகவே இருப்பார்கள். பல ஊர்களில் இதற்கென்று ஓலைக் குடில் போட்டு, அங்கேயே பொங்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்துக்கொள்வதும் உண்டு. முதல் நாள் கொடியேறியதும் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, அதன் பிறகு வேடம் பூண்டு, மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரிப்பார்கள். ஆகவே ஐந்தாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் வந்து, ஏதாவது ஒரு குழுவைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் அவர்கள் வேடம் கட்டத் தொடங்கும் நேரத்துக்கே குடிலுக்குப் போய்விட வேண்டும். ஒருவர் கண்ணாடியைப் பார்த்தபடி முகத்தில் மை பூசுவார்; இன்னொருவர் அவருக்குப் பின்னால் நின்று சடைமுடியை இழுத்துக் கட்டுவார்; கிரீடம், கண்மலர் (கண் வடிவத் தகடு), வீரப்பல் (வெளியே நீளும் கோரைப்பல்), மரக்கைகள் (அம்மனின் கூடுதல் கைகள்) எல்லாம் பாயில் வரிசையாகக் கிடக்கும். பாதி முகம் அம்மனாகவும் பாதி முகம் நம் பக்கத்து வீட்டு அண்ணனாகவும் இருக்கிற அந்தக் கால் மணி நேரம் கடற்கரையில் கிடைக்காது.

பணத்தைப் பற்றி ஒன்று. குலசையில் வேடக்காரர் தட்டை நீட்டுவது படத்துக்குக் கூலி கேட்டு அல்ல. அது அம்மனுக்கான காணிக்கை. பிரித்தது முழுவதும் கடைசியில் கோயில் உண்டியலுக்குப் போகிறது. அவரை அம்மனாகவே நினைத்துக் காலில் விழுந்து திருநீறு வாங்குகிறவர்களைப் பார்ப்பீர்கள். எனவே குடிலுக்குள் நுழையும்போதே கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் உங்களால் ஆனதைத் தட்டில் போட்டுவிடுங்கள். படம் எடுத்து முடித்த கையோடு நோட்டை நீட்டினால்தான் அது கூலியாகிவிடும்.

இருட்டறை எழுதியது:

85 மி.மீ. வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏபிஎஸ்-சி சென்சார் சிறியது என்பதால், அதில் அது முழுச்சட்டகக் கேமராவின் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் கொண்டது) 127 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும், ஓர் ஆளின் இடுப்பளவுப் படத்துக்கே நாலைந்து அடி பின்வாங்கியும் போதாமல் இன்னும் பின்னே போவீர்கள், அந்த இடைவெளியில் பத்துப் பேர் நடந்து போவார்கள். உங்களிடம் உள்ள 50 மி.மீ.யே ஏறத்தாழ 75 மி.மீ.க்கு நிகரானது, முகத்துக்கு அது தாராளமாகப் போதும். மேலும், குடிலையும் ஓலையையும் பாயில் கிடக்கும் மரக்கைகளையும் சேர்த்துக் காட்ட விரும்பினால் 18-55 லென்ஸில் 24 முதல் 35 வரையிலான பகுதியே உங்களுக்கு அதிகம் பயன்படும். அகன்ற கோணத்தில் மூக்கு பெருத்துத் தெரிகிறது என்று சிலர் லென்ஸைக் குறை சொல்வார்கள். முகத்தின் வடிவம் மாறுவதற்குக் காரணம் நாம் நிற்கும் தூரம், லென்ஸ் அல்ல. ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் நின்றால் 24 மி.மீ.யிலும் முகம் முகமாகவே இருக்கும்.

அடுத்தது அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி புகும் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். எஃப் 1.8 கையில் இருக்கிறதே என்று அதிலேயே நின்றுவிடாதீர்கள். 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. காளி வேடத்தில் வீரப்பல்லும் நாக்கும் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், கிரீடம் பின்னால் சாய்ந்திருக்கும்; கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் மற்ற இரண்டும் கரைந்துவிடும். எஃப் 4-க்குப் போனால் ஆழம் 14 செ.மீ. அளவுக்குக் கூடுகிறது. இதில் இன்னொரு நியாயமும் உண்டு: பின்னணி முழுவதையும் குழைத்துவிட்டால் அந்தப் படத்துக்குக் குலசை எதற்கு, உங்கள் ஊரிலேயே ஒரு திரைச்சீலை போதுமே! கண்ணைத் தானாகத் தேடும் ஆட்டோஃபோகஸ் நெற்றிக்கண்ணையும் கண்மலரையும் பார்த்துத் தடுமாறக்கூடும் என்பதால், ஒற்றைப் புள்ளியைக் கையால் நகர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்போஷரில்தான், அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவில்தான், இந்த விழா ஆளைக் கவிழ்க்கும். கறுப்போ கருநீலமோ பூசிய முகம் சட்டகத்தை நிறைக்கும்போது, கேமராவின் மீட்டர் அதைச் சாம்பல் நிறத்துக்கு உயர்த்தப் பார்க்கும். முகத்தின் கருமை வெளிறிப்போகும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வையுங்கள். சிவப்புச் சேலையும் குங்குமமும் வேறு விதமாக ஏமாற்றும். வெள்ளைக் கோடாகத் தெரியும் பொது ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் சிவப்பு மட்டும் எல்லை தாண்டி வெடித்து, சேலையின் மடிப்பெல்லாம் ஒரே திட்டாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை இயக்கி வைத்து, ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள்.

நண்பகலில் கிரீடத்தின் நிழல் கண்ணை விழுங்கிவிடும். அப்போது ஃபிளாஷைத் தொடுவதைவிட, அவரைக் குடிலின் வாசலுக்கு உட்புறமாக, வெளிச்சத்தைப் பார்த்து உட்காரச் சொல்வது மேல். யாரிடமாவது ஒரு வெள்ளை வேட்டியை வாங்கி அவர் முழங்காலுக்குக் கீழே விரித்துவிட்டால் தாடைக்கடியில் உள்ள இருட்டும் விலகும். இரவில் சீரியல் பல்புகளும் எல்.இ.டி. விளக்குகளும் எரியும் இடங்களில், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வைத்து, எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாது.

பொருநை எழுதியது:

இருட்டறை ஐயா சொன்னதோடு எனக்கு வழக்கு இல்லை. தேரிக்காட்டான் அண்ணாச்சியின் யோசனையும் சரியே, ஆனால் அனுமதி வாங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. படம் எடுக்கலாமா என்று கேட்ட மாத்திரத்தில் சூலம் மேலே போகும், நாக்கு வெளியே வரும், கண்கள் உருளும். பலர் இந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், ஏனென்றால் அவர் உங்களுக்குக் காட்ட விரும்பும் தோற்றம் அதுதான். அதை மறுப்பது மரியாதை ஆகாது. எடுத்ததை அவரிடம் திரையில் காட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். கிரீடம் எங்கே வாங்கியது, எத்தனை வருடமாக இந்த வேடம், என்ன நேர்த்தி என்று பேச்சுக் கொடுங்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியானதற்காக என்று அவர் சொல்லிக்கொண்டே கிரீடத்தின் வாரைத் தளர்த்தி நெற்றியைத் துடைப்பார். உங்களுக்கு வேண்டிய படம் அந்த இரண்டாவது படம்.

அருள் வந்து ஆடுகிறவர்களின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவதையும் ஃபிளாஷ் அடிப்பதையும் நான் செய்வதில்லை. அந்த நிலையில் அவரால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. குழந்தைகளுக்கும் வேடம் போடுவார்கள், அங்கே தாயிடமோ தகப்பனிடமோ கேட்காமல் எடுக்கக் கூடாது.

இணையத்தில் போடும்போது எழுதுகிற ஒரு வரிதான் எனக்குப் பெரிய கவலை. குலசையில் காளி மட்டும் இல்லை. குரங்கு, கரடி, ராஜா, குறத்தி, போலீஸ், பிச்சைக்காரர் என்று எத்தனையோ வேடங்கள். கிழிந்த துணியும் கையில் திருவோடுமாக நிற்கிறவர் ஊரில் சொந்தமாகக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். அம்மனுக்காக அந்தக் கோலத்தை நேர்ந்துகொண்டிருப்பார். அவர் படத்துக்குக் கீழே வறுமையைப் பற்றி உருக்கமாக நாலு வரி எழுதி வைப்பது அவருடைய நேர்த்தியையே அவமதிப்பதாகும். சேலை கட்டிய ஆண்களைப் பற்றி எழுதுவதும் இப்படித்தான். ஊர், வேடம், என்ன வேண்டுதல் என்று அவரே சொன்னதை மட்டும் எழுதுங்கள், அதுவும் அவர் சம்மதித்தால். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொழுதுபோக்காக நீங்கள் எடுத்த படத்துக்கு நீங்களே உரிமையாளர்தான். ஆனால் விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ கொடுப்பதாக இருந்தால் அந்த முகத்துக்குரியவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. 85 மி.மீ. லென்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தில் கூடுதலாகச் சில நாள் தங்கிவிடலாம் போலிருக்கிறது. இரண்டு ஐயங்கள் மிச்சம். முன்பின் தெரியாத ஒருவன் ஒரு குழுவோடு சேர்ந்துகொள்வது எப்படி? காணிக்கை போடுவது ஒருபுறம் இருக்க, படம் எடுக்க விட்டதற்குக் கைம்மாறாக நான் என்ன செய்யலாம்?

தேரிக்காட்டான் எழுதியது:

உடன்குடியிலும் குலசையிலும் தசரா வேடப் பொருள் விற்கும் கடைகள் விழாவுக்கு முன்பே களைகட்டிவிடும். அங்கே போய் நின்றால் சடைமுடியும் கிரீடமும் பேரம் பேசுகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள்தான். யாரிடமாவது விவரம் சொல்லுங்கள். குழுத் தலைவரின் தொலைபேசி எண் கிடைத்துவிடும். போகிற வீட்டில் விரதம் நடக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். முந்தின நாள் அசைவம் சாப்பிட்டுவிட்டோ குடித்துவிட்டோ குடில் பக்கம் போகக் கூடாது, செருப்பை வெளியிலேயே விட்டுவிட வேண்டும். கோயிலுக்குள் மூலஸ்தானத்தின் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம். இன்னொன்று, கடற்கரைக்குப் போகிற நாளில் ஒரே லென்ஸோடு போங்கள். அந்த மணலிலும் உப்புக் காற்றிலும் லென்ஸைக் கழற்றி மாட்டினால் பிறகு சென்சார் சுத்தம் செய்யத்தான் செலவழிப்பீர்கள்.

பொருநை எழுதியது:

கைம்மாறுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதே சிறந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படம் அடுத்த வாரமே மற்றவற்றோடு புதைந்துவிடும். முதல் நாள் எடுத்தவற்றில் சிலவற்றைத் திருச்செந்தூரிலோ தூத்துக்குடியிலோ ஏதாவது ஒரு லேபில் 6×8 அங்குல அளவில் போட்டு, மறுநாள் குடிலுக்கு எடுத்துப் போங்கள். நேரம் இல்லாவிட்டால் ஊருக்குப் போனபின் மொத்தமாகப் போட்டு, குழுத் தலைவர் முகவரிக்கு அனுப்புங்கள்; ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இன்னார் என்று பென்சிலில் எழுதிவிட்டால் அவர் பிரித்துக் கொடுக்கச் சுலபம். வேடத்தோடு ஒன்றும், பத்தாம் நாள் கழித்துக் காப்பு அவிழ்த்தபின் சொந்தச் சட்டையில் ஒன்றும் என இரண்டாகக் கொடுத்தால் வீட்டார் விரும்புவார்கள். அந்த இரண்டாவது படத்துக்காகவே நீங்கள் பதினோராம் நாள் மாலை வரை இருக்க வேண்டியிருக்கும், அதற்கேற்றாற்போல் ரயில் டிக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.